ஏழாம் லெவலும் ஒரு பிஸ்கட் டின்னும்

1996 ஜூன் 3

மூன்றாம் லெவலில் நிற்கும்போது மறுபடியும் கரண்ட் போனது.

இந்த நிஞ்ஜா கேம் கசட்டை உருவாக்கியவன் கையில் கிடைத்தால் கேட்பேன்: உனக்கு மனிதரில் என்ன கோபம்? கறுப்பு உடுப்புக்காரன் கூரை விட்டுக் கூரை பாய்கிறான். எதிரியின் கத்தி பட்டால் உயிர் குறைவதோடு விடாது, ஆளை இரண்டடி பின்னுக்கும் தள்ளும். பின்னுக்கு எப்போதும் பள்ளம். சரி, சாகலாம். எத்தனை தரம் செத்தாலும் அந்த லெவலின் தொடக்கத்துக்குத்தான் அனுப்பும். கரண்ட் போனால் மட்டும் முதலாம் லெவல். நாளுக்கு எட்டு மணித்தியாலம் மின்வெட்டு உள்ள நாட்டில் இதை விளையாடுகிற என்னை என்ன சொல்வது?

காலையில் நளீர் நானா என்னைப் பொலிஸ் பதிவுக்குக் கூட்டிப் போனார். டிவி திருத்தும் கடை அவருடையது. நான் படுக்கிற பின்னறையும் அவருடையது. வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடாவிட்டால், யாழ்ப்பாணத்தான் எனக்குக் கட்டுகஸ்தோட்டையில் வேலையுமில்லை, படுக்கையுமில்லை. "இவன் ஏதும் செய்தால்?" என்று சார்ஜன்ட் கேட்டான். "செஞ்சா என்னப் புடிங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 9

நாலாம் லெவலில் பாதி வந்தேன். கரண்ட் போச்சு. தூஷணம் எழுத வந்த கையை மடக்கிக்கொண்டேன்.

ஜூன் 22

யோசித்தால் எளிய விஷயம். டிவிக்குத்தான் வீட்டுக் கரண்ட் வேண்டும். கேம் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று, டயோட் இரண்டு, ஒரு ஸ்விட்ச். கரண்ட் போனால் டிவி அணையும், ஆனால் பெட்டி விழித்திருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். பற்றரியை வைக்கப் பெட்டி இல்லாததால் பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் அடக்கினேன்.

என்னோடு வேலை செய்யும் ராஜலிங்கம் பார்த்துவிட்டு, "என்னாங்க யோகன், பிஸ்கட் சுடுறீங்களா?" என்றான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவன், வாய்க்குக் குறைவில்லை. பிறகு மூடியில் நான் பொருத்திய சிவப்பு வெளிச்சத்தைக் காட்டி, "இதக் கழட்டிருங்க. டின்னு, வயரு, செவப்பு லைட்டு. காக்கிச்சட்ட பாத்தா என்னான்னு நெனைப்பான்?" என்றான்.

"பற்றரி எண்டு நினைப்பான்."

"ஆமா, நெனைப்பான் நெனைப்பான்."

வெளிச்சம் இல்லாமல் சார்ஜ் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கழற்றவில்லை.

ஜூலை 7

வேலை செய்கிறது! எட்டு நாளாகப் பெட்டியை அணைக்கவில்லை. ஐந்தாம் லெவல் முடிந்தது.

ஆறாவதில் பனிப்பாலம். வெளவால்கள் வந்து இடிக்கின்றன. நாற்பது தரம் செத்திருப்பேன்.

ஜூலை 12

நளீர் நானா வாசலில் நின்று பார்த்தார். "அதுக்குள்ள அப்பிடி என்ன ஈக்கிது தம்பி?"

"ஒண்டுமில்லை நானா."

"ஒண்டுமில்லாததுக்கா ராவு பகலா குந்திக்கிட்டு ஈக்கிறீங்க? உம்மா வாப்பாட காயிதம் வந்தா?"

இல்லை. போன ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு எல்லாச் சனமும் வெளிக்கிட்டபோது அம்மாவும் அப்பாவும் வெளிக்கிட்டார்கள். தென்மராட்சியா, வன்னியா, தெரியாது. செஞ்சிலுவைக்கு மூன்று தரம் எழுதிவிட்டேன். யாரிடம் கோபப்படுவது? வெளவாலிடம் படலாம்.

ஜூலை 27

ஏழாம் லெவல். கடைசி லெவல் என்று ராஜலிங்கத்தின் தம்பி சொன்னானாம். கோட்டை உச்சியில் முகமூடிக்காரன். அவனுக்கு இன்னும் இரண்டு அடி கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். கரண்ட் போனது. பரவாயில்லை, பெட்டி விழித்திருக்கிறது.

தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்து மூன்று நாள். ஊரெல்லாம் சுற்றிவளைப்பு என்கிறார்கள்.

ஜூலை 30

எழுத்து கோணல். எழுதியே ஆகவேண்டும்.

ஞாயிறு காலை ஆமிக்காரர் வந்தார்கள். கரண்ட் இல்லாத நேரம். நான் அடையாள அட்டையோடு முற்றத்தில் நின்றேன். அறைக் கதவு திறந்திருந்தது. ஒருவன் உள்ளே போய் மேசைக்குக் கீழே குனிந்தான். டின். சிவப்பு வெளிச்சம். வயரைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

நான் கத்தினேன். "அல்லன்ன எப்பா!" தொடாதே.

ஏன் கத்தினேன்? வயரை இழுத்தால் ஏழாம் லெவல் போய்விடும். வேறொன்றும் மண்டையில் இல்லை. சத்தியமாக வேறொன்றுமில்லை.

அவன் குண்டென்று நினைத்து நிலத்தில் விழுந்தான். வெளியில் நின்றவர்களும் விழுந்தார்கள். பிறகு எழும்பினார்கள். மிச்சத்தை எழுத மாட்டேன். நளீர் நானாவையும் ஏற்றினார்கள். அவர்தானே கையெழுத்துப் போட்டவர். முகாமில் அடுத்த அறையில் அவருடைய குரல் கேட்டது: "பற்றரி சேர், பற்றரி." பிறகு கன்னத்தில் அடி விழுகிற சத்தம்.

அன்று பின்னேரம் அவரை விட்டார்கள். ஒரு அதிகாரி டின்னைப் பிரித்துப் பார்த்து வெறும் பற்றரிதான் என்று எழுதிக் கொடுத்தபிறகு, இன்று என்னை விட்டார்கள். கேம் பெட்டியைக் கையில் தந்தார்கள். டின்னைத் தரவில்லை.

ஆகஸ்ட் 2

நானாவின் வலது காது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்களாம். நான் போய் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பி வந்தேன். முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று ஊருக்கெல்லாம் பெருமையடித்தவன் நான்.

ஹபீலா அக்கா, அவருடைய மனைவி, என்னைப் பாராமல் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனா.

ஆகஸ்ட் 6

கடைக்கு வருகிற எல்லோருக்கும் நானா ஒரே கதையைச் சொல்கிறார். "பாவம் இந்தப் புள்ள. அவன்கள் பற்றரியக் கண்டு பயந்தீக்கிறான்கள். புள்ள பேச்சுமில்ல மூச்சுமில்ல, ஓரமா நிண்டீக்கி." பள்ளிவாசலிலும் அதையே சொல்லியிருக்கிறார். சிலர் கேட்டிருக்கிறார்கள், "ஏன் யாழ்ப்பாணத்தான வீட்டில வெச்சீக்கிறீங்க?" என்று. அதற்கும் எனக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்.

அவர் அப்போது வீட்டுக்குள் இருந்தார். நான் கத்தியது அவருக்குத் தெரியாது.

செப்டெம்பர் மூன்றாம் திகதி அடுத்த பதிவு. அவர் போடுவார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போடுவார்.

ஆகஸ்ட் 11

ஞாயிறு. கடை பூட்டு. மின்வெட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. காலையிலிருந்து முதலாம் லெவலில் தொடங்கி ஆடினேன். கை தானாகப் போனது. பள்ளங்கள், பனிப்பாலம், வெளவால், கோட்டை, முகமூடிக்காரன். இரண்டே முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன்.

முடிவு என்ன தெரியுமா? மலை. சூரியன். அவன் நிற்கிறான். ஜப்பான் எழுத்தில் நாலு வரி. பிறகு மறுபடி முதல் படம், தொடங்கு என்று கேட்கிறது.

இதுக்கா? இதுக்கா அந்த மனிசன்ரை காது?

ஆகஸ்ட் 12

சொல்லப் போனேன். கடையில் ஆட்கள். திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 13

இன்று ஆட்கள் இல்லை. அதுவும் ஒரு சாட்டாகிப் போனது: தனியாக இருக்கிறார், பாவம், ஏன் குழப்புவது என்று.

ஆகஸ்ட் 15

சொல்லிவிட்டேன்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "நானா, அவங்கள் சும்மா பயப்படேல்லை. நான்தான் தொடாதை எண்டு கத்தினனான். கேம் அழிஞ்சிடும் எண்டு."

ஒரு நிமிடம் விளங்காதவர் போல் பார்த்தார். சத்தமாக இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்வதுதான் நரகம்.

"கேமுக்கா?"

"ஓம்."

"கேமுக்கு."

கையிலிருந்த தொப்பியை மடித்தார், விரித்தார், மடித்தார். அடித்திருந்தால் நல்லது. "நான் பள்ளிக்குள்ள நிண்டு ஒங்களுக்காக சத்தியம் பண்ணினேன் தம்பி" என்றார். எழுந்து உள்ளே போனார். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 17

நானா இன்று வாய் திறந்தார். கணக்காக மூன்று வசனம். "ஹபீலாட வாய நான் இனி மூட ஏலா. வீடு சரி வராது. கடைக்கு வாங்க."

வேலை போகவில்லை. அதற்குச் சந்தோஷப்படவா? சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது.

ராஜலிங்கம் கேட்டுக்கொண்டு நின்றான். நானா போனபிறகு, "தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்கு வாங்க. அப்பா கையெழுத்துப் போடுவாரு. ஒரு கண்டிஷன்" என்றான்.

"என்ன?"

"பிஸ்கட் டப்பா கொண்டாரக் கூடாது."

அவன் சிரிக்கவில்லை. நானும்.

செப்டெம்பர் 3

பதிவு முடிந்தது. வீட்டுக்காரர்: ராஜலிங்கத்தின் அப்பா. கையெழுத்துப் போடுமுன் கேட்டார், "தம்பி, ஏதாச்சும் இருக்குதுன்னா இப்பவே சொல்லிருங்க." எல்லாம் சொன்னேன். காதையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போட்டார்.

ஹந்தானையில் வீடே ஒரு அறைதான், காம்பறா என்கிறார்கள், அதில் ஆறு பேர். காலை நாலரைக்கு எல்லோரும் எழும்புகிறார்கள், நான் மட்டும் இடைஞ்சலாகக் கிடக்கிறேன். அட்டை கடிக்கிறது. கேம் பெட்டியை ராஜலிங்கத்தின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே கரண்டே இல்லை, என்றாலும் வைத்திருக்கிறான்.

நானா வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறார். "இது எரியிது இல்ல." "அது பின்னேரத்துக்கு வேணும்." தம்பி என்கிற சொல் வருவதில்லை.

செப்டெம்பர் 19

இன்று பதினொரு மணிக்குக் கடைக்குள் ஆமிக்காரர் வந்தார்கள். நாலு பேர். திறந்து கிடந்த டிவிகளுக்குள் துவக்கு நுனியை விட்டுக் கிளறினார்கள். ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு ஒட்டிய போர்ட்டை ஒருவன் தட்டிவிட்டான். கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. சோல்டரிங் அயனை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்து, வாயைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

என் அடையாள அட்டையைப் பார்த்தவன் நானாவிடம் கேட்டான்: யாழ்ப்பாணத்தானா? யார் இவன்?

வேறு கடைக்காரர் என்றால் ஹந்தானை விலாசத்தைக் காட்டித் தப்பியிருப்பார். நானாவுக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எங்கட ஆள்" என்றார், சிங்களத்தில். "ஏதாவதெண்டா என்னக் கேளுங்க."

போய்விட்டார்கள். உடைந்த போர்ட்டைப் பொறுக்கினேன். நானா கல்லாப் பக்கம் இருந்தபடியே கேட்டார்: "அது பின்னேரத்துக்கு முடியுமா?"

நான் மேசையைச் சுற்றி அவருடைய இடது பக்கத்துக்குப் போய் நின்று, "முடியாது நானா. நாளைக்கு" என்றேன்.

"அப்ப நாளைக்கெண்டு எழுதுங்க தம்பி" என்றார்.