அவைக்குறிப்பில் ஏறாத அடுப்படி

சாளை மீன் கரைகொள்ளாமல் வந்து, வாங்க ஆளில்லாமல் தென்னை மூட்டில் உரமாகக் கொட்டினோமே, நம் கோயிலின் பழைய மணி கீறல் விழுந்து புது மணி ஏற்றினார்களே, அந்த வருடம்தான் நீ சட்டமன்ற மெம்பர் ஆனாய். வருடத்தின் எண்ணை மருமகளிடம் கேட்டால் சொல்வாள். எனக்கு அது ஊரெல்லாம் சாளை நாறிய வருடம்.

இன்று காலையில் அந்த வருடம் திரும்பி வந்ததற்கு டிவிதான் காரணம். புதிய அரசு வந்திருக்கிறது. சட்டமன்றம் கூடும் முதல் நாள் என்று காட்டினார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போய், உறுதிமொழி வாசித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். எல்லோர் உடம்பிலும் புதுச் சட்டை. கடையில் மடித்து வைத்திருந்த கோடு முதுகில் அப்படியே கிடந்தது. உன் முதுகிலும் அன்று அந்தக் கோடு இருந்தது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து நான் முதலில் கண்டது அதைத்தான். பக்கத்தில் இருந்த உன் வீட்டுக்காரி பிலோமியிடம், "ஒரு இஸ்திரி போட்டுக் குடுத்திருக்கலாம் இல்லா?" என்று கேட்டேன். "போட்டேன் அண்ணே, கோடு போவ மாட்டேங்குது" என்றாள். அவள் கண் உன் முதுகை விட்டு நகரவில்லை.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். எழுதட்டும். அன்று அவரவர் பேசியதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். நீ கொஞ்சம் படித்திருந்தாய். அதனால் மீனவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாய், பிறகு தேர்தலுக்கு நின்றாய். ஓட்டுக் கேட்டு நம் கரையில் நடந்த அன்று கடைசியாக லூர்தம்மாள் வீட்டுக்குப் போனோம். மீன் கடவத்தைத் தலையில் வைத்து மேட்டு ஊர்களுக்கு நடந்தே விற்றுவந்த லூர்தம்மாள். நம் இருவருக்கும் மூத்தவள். அவள் வீட்டுக்கு அப்புறம் வீடு கிடையாது, கடல்தான். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவள் அடுப்படிச் சுவரைக் கடல் தள்ளியிருந்தது. ஓலை கட்டி மறைத்து வைத்திருந்தாள். ஓலைக்கு அடியில் அலை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

நீ கும்பிட்டாய். அவள் கும்பிடவில்லை.

"ஓட்டு கேக்க வந்தியா மக்கா? எனக்க அடுப்படியில கடலு இருக்கு. அதுகிட்ட கேளு."

"அக்கா, நான் ஜெயிச்சா, அங்க போயி வாய் திறந்த உடனே உங்க அடுப்படியப் பத்தித்தான் பேசுவேன்."

"எப்ப?"

"முதல் நாளே."

"வாற பயலுவ எல்லாம் முதல் நாளேன்னுதான் சொல்லுவானுவ. எனக்க காதால கேக்கணும்."

"அப்ப நீங்களும் வாங்க. கூட்டிட்டுப் போறேன்."

சிரிப்பாகத்தான் சொன்னாய். ஜெயித்த மறுநாள் அவள் உன் வாசலில் வந்து நின்றாள். "எப்ப ரயிலு?" என்றாள். நீ சிரிக்கவில்லை. எனக்கும் பிலோமிக்கும் எடுத்த டிக்கெட்டோடு அவளுக்கும் ஒன்று எடுத்தாய். நாகர்கோவிலில் ஏறியதுமே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருந்த பாத்திரத்தைத் திறந்தாள். எதிரே இருந்தவர் மூக்கை மூடினார். "மூக்க மூடாதீரும் ஓய், வாயத் தொறயும்" என்று அவருக்கும் ஒரு துண்டம் கொடுத்தாள். வள்ளியூர் வருவதற்குள் அவர் இன்னொரு துண்டம் கேட்டார்.

மெம்பர்கள் தங்கும் விடுதிக்கு உங்கள் கட்சிக் கொறடா வந்தார். புது ஆட்களை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னார்: "நாளைக்கு வேலை ரெண்டே ரெண்டு. உறுதிமொழி படிக்கணும், கையெழுத்துப் போடணும். காகிதத்துல இருக்கறதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது. அதுக்கப்புறம் சபாநாயகர் தேர்தல். பேசறதுக்கு அஞ்சு வருஷம் இருக்கு."

கதவோரம் நின்ற லூர்தம்மாள், "அஞ்சு வருசம் உனக்கு இருக்கு மக்கா. எனக்க சுவருக்கு இருக்கா?" என்றாள்.

"யாருங்க இவங்க?" என்று கொறடா உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க ஊரு எதிர்க்கட்சி" என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் மட்டும் வெளுத்திருந்தது. முதல் நாளில் பேச விடமாட்டார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. உனக்கும் அதுவரை தெரியாது. முதல் நாள் என்றால் எழுந்து நின்று நம் குறையைச் சொல்லலாம் என்றுதான் கரை முழுக்க நினைத்திருந்தது. கோயில் கூட்டத்தில் எழுந்து பேசுவதுபோல இதையும் எண்ணிவிட்டோம்.

அன்று சாயங்காலம் நீயும் நானும் மெரினாவுக்கு நடந்தோம். ரோட்டிலிருந்து தண்ணீர்வரை போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கால் வலித்துவிட்டது. இவ்வளவு மணலை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. "இம்புட்டு மணலும் சும்மா கெடக்கே. நம்ம கரைக்கு நாலு லோடு அடிச்சா என்ன?" என்றேன்.

"சும்மா கெடக்கல்ல மக்கா. அன்னா வடக்க தெரியுது பாரு, துறைமுகம். அது கடலுக்குள்ள சுவரு நீட்டினதுனால மணலு இங்க நின்னுட்டு. நமக்கும் கடலுக்குள்ள கல்லுப் போட்டு ஒரு தூண்டில் வளைவு கட்டினா மணலு நிக்கும்" என்றாய். பிறகு ஈர மணலில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னாய்:

"காகிதத்துல இல்லாதத சொன்னா குறிப்புல ஏறாது. கட்சியிலயும் கோவப்படுவானுவ. சொல்லாட்டா லூர்தக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"குறிப்ப யாருலே பாக்கா? லூர்தக்காதான முன்னால இருப்பா" என்றேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதிலேயே நீ முடிவெடுத்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. ஆனி பிறந்தால் கடல் ஏறும். அதற்குள் கல் விழாவிட்டால் அவள் வீடு இருக்காது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் மாடத்தில் ஏற்றும்போது காவலாளி லூர்தம்மாளின் வெற்றிலைப் பையை வாங்கி வைத்துக்கொண்டார். கால்மேல் கால் போடக் கூடாது, கை தட்டக் கூடாது, பேசக் கூடாது என்றார். "மூச்சு விடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். கீழே மூத்த உறுப்பினர் ஒருவர் தற்காலிகமாகத் தலைவர் நாற்காலியில் இருந்தார். முதலில் மந்திரிமார், அப்புறம் மற்றவர்கள். ஒருவர் பின் ஒருவராக அதே வரிகள். நேரம் போகப் போக லூர்தம்மாள் என் காதில், "எல்லாரும் ஒரே செபத்தையில்லா சொல்லுதானுவ, மன்றாட்டு மாலை மாதிரி" என்றாள்.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீ போனாய். வாசித்தாய். காற்று எதிர்த்து அடிக்கும்போது துடுப்புப் போடுவாயே, அந்த மாதிரி ஒவ்வொரு சொல்லாக ஊன்றி வாசித்தாய். முடித்தாய். காகிதத்தைக் கீழே வைத்தாய். கையெழுத்துப் போடும் இடத்துக்கு நகராமல் தலையை நிமிர்த்தினாய்.

"தலைவர் அவர்களே, எங்க கரையில லூர்தம்மாள் வீட்டு அடுப்படியில கடல் நிக்குது. ஆனி பிறக்கும் முன்னே அங்க கல் போடணும்."

அவ்வளவுதான். பின் வரிசையில் யாரோ "அடுப்படியா?" என்று சிரித்தது கேட்டது. தலைவர் மணியை அடித்தார். "உறுதிமொழி தவிர வேறெதுவும் அவைக்குறிப்பில் ஏறாது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். அதட்டல் இல்லை அதில். நீ போட்டாய்.

அதற்குள் இங்கே லூர்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "அய்யா, அது நாந்தான்! லூர்தம்மா நாந்தான்!" என்று கையைத் தூக்கினாள். சபை முழுவதும் மேலே பார்த்தது. நீயும் பார்த்தாய். காவலாளிகள் இரண்டு பேர் வந்து அவளை வெளியே கூட்டிப் போனார்கள். நானும் பிலோமியும் பின்னாலே போனோம். வெளியே படியில் உட்கார்ந்து அழுதாள். வெற்றிலைப் பையைத் திருப்பிக் கொடுத்த காவலாளி, "நெசமாவே அடுப்படிக்குக் கடல் வந்துடுச்சா பாட்டி?" என்று கேட்டார். "பாட்டியா? எனக்குப் பல்லு இன்னும் ஒண்ணு கூடப் போவல்ல" என்று சொல்லிவிட்டு, அழுகையோடு அவருக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

நாம் ஊர் திரும்பினபோது கரை நம்மை வரவேற்கவில்லை. சங்கக் கட்டடத்து டிவியில் எல்லோரும் செய்தி பார்த்திருந்தார்கள். நீ வந்தாயாம், காகிதத்தைப் பிடித்தாயாம், வாய் அசைந்ததாம். அதன்மேல் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் ஓடிக்கொண்டிருந்ததாம். அதற்குள் அடுத்தவர் வந்துவிட்டாராம்.

"மெம்பரு ஊமையால்லா நின்னாரு" என்றார் சங்கத் தலைவர்.

"நான் கேட்டேன்" என்றாள் லூர்தம்மாள்.

"ஒனக்கு ஓசியில மெட்ராஸ் காட்டினான். நீ கேட்டேன்னுதான் சொல்லுவ."

பிற்பாடு அச்சடித்த அவைக்குறிப்பு வந்தது. சங்கத் தலைவர் அதைத் தேநீர்க் கடையில் வைத்து உரக்க வாசித்தார். நீ உறுதிமொழி எடுத்துக்கொண்டாய் என்பது மட்டும் அதில் இருந்தது. "அச்சுல இல்லியே?" என்றார். லூர்தம்மாள் கடவத்தை இறக்கி வைத்தாள். "அச்சுல இல்லேன்னா எனக்க அடுப்படியில கடலும் இல்லியா? வந்து கால நனச்சுப் பாரும்" என்றாள்.

நீ மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. "நீ வாயத் தொறந்து சொல்லேம்லே" என்று சண்டை பிடித்தேன். "நான் சொன்னேன்னு நானே சொன்னா, அது மறுபடி ஓட்டு கேக்குறது மாதிரி ஆயிரும். சவத்த விடு மக்கா" என்றாய். கட்சியில் உன்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். அதையும் நீ சொல்லவில்லை. பிலோமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனி பிறந்தது. கல் வரவில்லை, கடல் வந்தது. முதலில் அடுப்படி போனது, பிறகு முன்னறை. மெம்பர் என்று பார்க்காமல் நீ வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். நீயும் நானுமாகக் கதவைக் கழற்றித் தூக்கி வந்தோம். பாத்திரங்களைக் கடவத்தில் வாரினோம். மாதா படத்தை நீ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். எல்லாவற்றையும் மேட்டில் இறக்கி வைத்தபின் அவள் முன்னால் நிற்க முடியாமல் நின்றாய். "அக்கா..." என்று தொடங்கினாய்.

அவள் முந்தானையால் உன் தலையைத் துவட்டினாள். "நீ சொன்னேல்லா மக்கா. நான் கேட்டேன். கடலுக்குத்தான் கேக்கல்ல."

உன் தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். கூட வள்ளத்தில் போன அத்தனை வருடத்தில் உன்னை அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றாய். அதற்கு அப்புறம் வேறொருவர் காலத்தில் கல் வந்தது. தூண்டில் வளைவு கட்டினார்கள். நீ சொன்னபடியே மணல் வந்து நின்றது. மகள் வீட்டுக்குப் போய்விட்ட லூர்தம்மாள் அந்தப் புது மணலில் வந்து நின்று, "இன்னா, இதுதான் எனக்க அடுப்படி" என்று காலால் வட்டம் போடுவாள். கரைக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நீ மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாய். நம் கரையில் ஏறாத கடல் மேற்கே அடுத்த ஊரில் ஏறத் தொடங்கியிருந்தது. பதவி இல்லை, கட்சி இல்லை, கால் வீங்கியிருந்தது. அப்படியும் அந்த ஊர்க்காரர்களோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாய். "நமக்கென்னலே? அது வேற ஊரு" என்று கேட்டேன். "அங்கயும் ஒரு அடுப்படி இருக்கும்லா" என்றாய். அந்த மழைக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு நம் ஊரைவிட அந்த ஊர்க்காரர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். பிலோமி உனக்கு முன்பே போயிருந்தது ஒருவிதத்தில் நல்லது. அவள் தாங்கியிருக்க மாட்டாள்.

உன்னிடம் சொல்லவேண்டியது இன்னொன்று இருக்கிறது. லூர்தக்கா போன மாதம் போய்விட்டாள். கடைசிவரை நாக்கு அப்படியேதான் இருந்தது. செபம் சொல்ல வந்த சாமியாரிடம், "கொஞ்சம் சத்தமாச் சொல்லும், ஆண்டவருக்கு வயசாயிட்டு, கேக்காது" என்றாளாம். அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்ற பிள்ளைகளிடம், இந்தக் கிழவியின் பெயரை ஒருநாள் சட்டமன்றத்தில் சொன்னார்கள் என்றேன். நீ சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லிக் காட்டினேன். அவர்கள் போனை எடுத்துத் தேடினார்கள். "அப்படி ஒண்ணும் இல்லியே தாத்தா" என்றார்கள். தப்பாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கிறவள் உள்ளே படுத்திருந்தாள்.

இன்று டிவியில் ஒவ்வொருவரும் வாசித்து முடித்து, காகிதத்தை வைத்து, கையெழுத்துப் போட நகர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும், நகர்வதற்கு முன்னால் தலை நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

நீ அன்று சொன்னது எந்தத் தாளிலும் இல்லை, எந்தப் போனிலும் இல்லை. அது இருக்கிற இடத்தை உனக்குச் சொல்லி வைக்கத்தான் இந்த மடல். நம் கரையிலிருந்து வந்து அதைக் காதால் கேட்டவர்களில் பிலோமி இல்லை, லூர்தக்கா இல்லை. இன்று உயிரோடு இருப்பது, சூசைமிக்கேல் ஆகிய நான்.