நாலு மடிப்புத் துணி

1937 ஜூலை 3, சனி

என் மகள் ஆனிமேரி போய் இன்றோடு அறுபது நாள்.

சாயங்கால வகுப்பு மிக்கேலம்மா டீச்சர் வாசகசாலைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். புத்தகம் எழுதுகிறவர்கள் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பேசுவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். இன்றைக்கு வந்தவர் ரேடியோவைப் பற்றி எழுதியவர். சீமையில் பேசினால் இங்கே கேட்குமாம். ஆட்டுத் தரகர் கண்ணுச்சாமி எழுந்து, "அம்புட்டுத் தூரம் வாரப்ப வழியில மழை பேஞ்சா பேச்சு நனையாதாண்ணே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீடு வருகிற வரைக்கும் சிரித்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்துல் அலீம் வாத்தியார் வருகிறார் என்று பலகையில் எழுதியிருந்தது. தண்ணீரைப் பற்றிச் சின்னப் புத்தகம் எழுதினவர்.

ஜூலை 6, செவ்வாய்

அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. சாயங்கால வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்து, நான் முழுசாக முடித்த முதல் புத்தகம் அதுதான். பன்னிரண்டாம் பக்கம் மனப்பாடம். ‘ஆற்று நீரை நான்காக மடித்த சுத்தமான துணியில் வடிகட்டினால் குடிக்கத் தகுந்ததாகும்.’

சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் எங்கள் ஆரப்பாளையத்தில் வாந்திபேதி வந்தது. ஆற்று ஊற்றில் எடுத்த தண்ணீரை என் வீட்டுக்காரருடைய புது வேட்டியில் நாலு மடிப்பு மடித்து வடிகட்டினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஆனாலும் பிள்ளை ஒரு நாள் மத்தியானம் விழுந்தாள். மறுநாள் விடியும்போது இல்லை.

கல்லறையிலிருந்து வந்ததும் இவர் சொன்னது ஒரே வார்த்தை. "புஸ்தகத்தப் படிச்சுப் படிச்சே பிள்ளையக் குடுத்துட்ட."

அன்றிலிருந்து என் கையால் தண்ணீர் குடிப்பதில்லை. சோறு சாப்பிடுகிறார். தண்ணீருக்கு, வேலை பார்க்கிற மில்லில் உள்ள குழாய்.

ஜூலை 8

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் மடித்தது தப்பா, அவர் எழுதினது தப்பா.

ஜூலை 10, சனி

பெண்கள் எழுந்து கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தால் காரியதரிசி தனிஸ்லாஸ் வாசிப்பார். நான் எழுதினேன்: ‘நீங்கள் சொன்னபடி நாலு மடிப்பில் வடிகட்டினேன். என் மகள் வாந்திபேதியில் செத்தாள். நான் எங்கே தவறினேன்?’

தனிஸ்லாஸ் அதைப் பார்த்தார். மடித்தார். "குடிநீரைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு சகோதரி கேட்கிறார்" என்றார்.

வாத்தியார் சிரித்த முகத்தோடு, துணியை நாலாக மடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார்.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன்? டீச்சர் சேலையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. "நான் கேட்டது அது இல்லைங்கய்யா. சீட்ட முழுசா வாசிக்கச் சொல்லுங்க."

தனிஸ்லாஸ், "சொந்த விசயத்தச் சபையில பேசக் கூடாதும்மா" என்றார். வாத்தியார் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். மனசுக்குள் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி படித்தார்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு நான் இங்க வச்சுப் பதில் சொல்ல மாட்டேன் தாயி. வீடு எங்கன்னு சொல்லுங்க. நாளைக்கு வாரேன்."

ஜூலை 11, ஞாயிறு

வந்தார். என் வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. எழுந்து போகவும் இல்லை.

வாத்தியார் சுற்றி வளைக்கவில்லை. "உங்க மேல தப்பில்ல. துணி தூசியத்தான் நிறுத்தும். அந்த நோய்க் கிருமி துணியோட கண்ணை விடச் சின்னது. கொதிக்க வச்சாத்தான் சாகும்."

"அப்ப நீங்க ஏன் எழுதல?"

"கையெழுத்துப் பிரதியில எழுதியிருந்தேன். அப்புறம் அடிச்சுட்டேன். ஏழை வீட்டுல கஞ்சிக்கே விறகில்ல, தண்ணிக்கு எங்க போவாங்க, படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுருவாங்கன்னு நெனச்சேன். லேசா ஒரு வழி சொன்னா அதையாவது செய்வாங்கன்னு…" என்று நிறுத்தினார். "அந்தத் தண்ணியாலதான் போச்சுன்னும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஈ மொய்ச்ச பண்டத்துலயும் வரும். ஆனா போதாதத போதும்னு எழுதினது நான்தான்."

எனக்கு அழுகை வரவில்லை. மூலையைக் காட்டினேன்.

"அந்த மூலையில ஒரு கட்டு புளிய விறகு கெடந்துச்சுங்கய்யா. மே மாசக் கடைசில அவளுக்குப் புதுநன்மை, கோயில்ல மொத நற்கருணை வாங்குற நாளு. விருந்துக்குன்னு வாங்கிப் போட்டது. அவள அடக்கம் பண்ணிட்டு வந்தவங்க குளிக்க அதுலதான் வெந்நி வச்சோம். வீட்டுல விறகு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியும். தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க சொல்லியிருக்கணும்."

அவர் எழுந்தார். போகும்போது இவரிடம் நின்று ஏதோ பேசினார். கேட்கவில்லை. இவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜூலை 12

காலையில் மில்லுக்குப் புறப்படும்போது இவர் கேட்டார். "அந்தாளே ஒத்துக்கிட்டாராக்கும்?"

"ஒத்துக்கிட்டாரு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, திங்கள்

வாத்தியார் அச்சுத்தாள் ஒன்று டீச்சரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பன்னிரண்டாம் பக்கம் புதுசு. புரியாத இடத்தில் கோடு போடச் சொன்னாராம். முதல் வரியே, ‘முன் பதிப்பில் நான் எழுதியது தவறு.’ அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். கோபம் போய்விட்டதா என்று கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. ஆனால் படிக்க முடிந்தது.

எல்லாம் புரிகிறது. ஓரத்தில் ஒன்று எழுதி அனுப்பினேன்: ‘கொதித்த தண்ணீரை மொள்ளுகிற சொம்பையும் அதே தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர்ச் சொம்பைத்தான் உள்ளே விடுவார்கள்.’

ஆகஸ்ட் 20

மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அவள் பாவாடையை மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு

புது அச்சுப் புத்தகம் வந்தது. சொம்பு விசயமும் இருக்கிறது. என் பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், போடவில்லை. பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஜெயினம்புவுக்கும் ஊற்றுக்கு வருகிற பெண்களுக்கும் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தேன். "விறகுக்கு ஒன் வாத்தியாரு வருவாராக்கும்?" என்று ஜெயினம்பு கேட்டாள். "வரமாட்டாரு. நீ தூக்கிட்டு வரணும்" என்றேன். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

இவர் நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாரா? தெரியவில்லை.

செப்டம்பர் 14, செவ்வாய்

மில்லிலிருந்து வரும்போது தோளில் ஒரு கட்டு விறகு. மூலையில் போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, புதன்

தண்ணீரைக் காலையில் கொதிக்க வைத்து, சொம்பைக் கழுவி, மூடி வைத்தேன். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தார்.

"தண்ணி ஆறிருச்சா?" என்றார்.