ஏழு எலுமிச்சையும் ஒரு சேராங்கொட்டையும்

ஜூன் 5, வியாழன்
விடிந்ததிலிருந்து மழை. தாராவி முழுக்க முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கி, அது நனையாமல் கடை திறந்தது நான் ஒருவன்தான்.

ஞாயிறு செம்பூரில் பால் காய்ப்பு. சகலை வீடு, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன் முருகேசன். இனி மு. போதும், முழுப் பேர் எழுதினால் வயிறு எரிகிறது. பதினோராம் மாடி. லிஃப்ட் 2. பால்கனி. இவனைப் பம்பாய்க்குக் கூட்டி வந்து, என் பத்துக்குப் பத்து ஒற்றை அறைக் கோலியில் பாய் போட்டுக் கொடுத்தவன் நான். ஊரிலிருந்து வந்த மாமியார் நேரே அங்கே போய் இறங்கிவிட்டாள். போனில் எனக்கு ஒரே ஒரு வேலை:

"வாசலுக்கு எலுமிச்ச மிளகா நீங்கதான் கட்டணும் மாப்ள. மூத்தவரு கையால கட்டுனாத்தான் கண்ணு அண்டாது."

மூத்தவர். அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி
மாட்டுங்கா மார்க்கெட். எலுமிச்சை 7, மிளகாய் 21, கரித்துண்டு, பிப்பா 1. பிப்பா நம் சேராங்கொட்டைதான். இந்த ஊரில் அதையும் சேர்த்துக் கோர்த்தால்தான் திருஷ்டி போகும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஊசி ஏற்று, பால் பட்டால் தோல் பொங்கிவிடும் என்றாள் விற்ற மராத்திக்காரி. களக்காட்டு மலையில் சேராமரத்தடியிலேயே தூங்கியவன் நான் என்றேன். (மலைக்குப் போனது ஒரு தடவை. பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.)

வீட்டில் ஊசி இறங்கவில்லை. குழவியால் ஒரு தட்டு. கறுப்புப் பால் விரலெல்லாம். லுங்கியில் துடைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தியா பால்கனி படம் அனுப்பினாள், கடல் தெரிகிறதாம். செம்பூரில் ஏது கடல்? பெரிதாக்கிப் பார்த்தேன். தெரிகிறது, சனியன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

ஜூன் 7, சனி
வெயில். விரலிடுக்கில் அரிப்பு. கறை சோப்புக்கும் அசையவில்லை. மத்தியானம் கொப்புளம், தொடையிலும். சாயங்காலம் இமை கனத்தது. கடைக்கு வந்தவர்களிடம் தேனீ கொட்டியது என்றேன். பிறகு நாற்பது தேனீ.

ஜூன் 8, ஞாயிறு
இரண்டு கண்ணும் பூரி. இந்த முகத்தோடு போக முடியாது. சரத்தைக் கவரில் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். அப்படியானால் வாசலில் மு.தான் கட்டுவான். கட்டட்டும், பொங்கட்டும் என்று ஒரு நினைப்பு. அவள் சந்து திரும்புவதற்குள் கூப்பிட்டு, எண்ணெய் தடவிக்கொண்டு தொடச் சொல் என்றேன்.

பிற்பகல் எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். மு. பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, தே.எண்ணெய் பாட்டிலைத் திறந்து என் கையில் தானே தடவினான்.

"எங்க வீட்டுக்கு வர வேண்டிய கண்ண நீங்க வாங்கிட்டீங்க அண்ணாச்சி," என்றான்.

மாமியார் என்னைக் கும்பிடவே கும்பிட்டாள். மறுக்கவில்லை. மூத்தவன் என்றால் இதெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.

அவர்கள் போனபின் இமைக்கு எண்ணெய் வைத்தாள் மனைவி. பிறகு,

"வீங்கியிருக்கது யாரு கண்ணு?" என்றாள்.