சனிக்கிழமை ஒன்றேகால்

ஜூலை 5, சனி

காற்று பலம், மழை இல்லை. பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாரச் சம்பளம் போட்டு முடிக்க மணி 1.10. வழக்கம்போல் 1.15க்கு ஆபீஸ் வைஃபையில் போனில் கிரிப்டோ வாலட்டைத் திறந்து தங்கை சுகன்யாவுக்குப் பணம் அனுப்பினேன். அவளுக்கு இப்போது ஏழு மாதம். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். அண்ணன் இன்னும் தேடுகிறார். என் வங்கிக் கணக்கையும் பார்ப்பார். அதனால்தான் இந்தக் கிரிப்டோ காசு. யார், யாருக்கு, எவ்வளவு, எதுவும் வெளியே தெரியாது.

வாங்க: சீரகம், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

நெட் மந்தம். துணி வாங்கும் வெளிநாட்டு பையருடன் பேசும்போது பாதியில் கட். வைஃபை ஆளை நானே வரச் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்

வைஃபை ஆள் வந்தார். அண்ணனுக்குத் திரையைக் காட்டி, "அக்கா போன் சனிக்கெழமையானா ஒண்ணேகாலுக்கு ஓசூர்ல ஒரு கம்ப்யூட்டரோட பேசுதுங்க. என்ன பேசுதுன்னு தெரியாதுங்க. ஊடும் தெரியாதுங்க, ஊரு மட்டுந்தான்."

"ஊரு போதுமுங்க," என்றார் அண்ணன்.

ஊரைப் போனில் குறித்துக்கொண்டார். அங்கே யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அது தங்கை கணவனின் கணினி. வாலட் ஏதாவது ஒரு கணினி வழியாகத்தான் காசை அனுப்பும். தெரியாதவர்கள் கணினி வழியாகப் போக வேண்டாம், நம்முடையதே பத்திரம் என்று அவன்தான் வாலட்டில் போட்டுக் கொடுத்தான். தொகையை மறைத்தோம், ஊரும் நேரமும் காட்டிக்கொடுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சம்பளம் போட்ட கையோடு அனுப்பும் திருப்பூர் புத்தி எனக்கு.

ஜூலை 8, செவ்வாய்

கட்டிங் பிரிவு மஞ்சுவின் போனில் சுகன்யாவுடன் பேசினேன், ஓசூரை விட்டுப் போகச் சொன்னேன்.

"இந்த வயித்தோட இன்னொரு ஊராக்கா?"

"ஆமா கண்ணு. எந்த ஊருன்னு எங்கிட்டயும் சொல்லாத. இந்த நம்பரயும் தூக்கிப் போட்டுரு."

அழுதாள். நானும். மஞ்சு திரும்பி நின்றுகொண்டாள்.

ஜூலை 11, வெள்ளி

அண்ணன் ஓசூரிலிருந்து திரும்பினார். மாமாவிடம் போனில், "கெடைக்கலீங்க மாமா. எங்க போயிருவா."

ஜூலை 12, சனி

சம்பளம் முடிந்தது. அண்ணன் எதிர் நாற்காலியில்.

"மணி ஒண்ணேகாலாச்சு கண்ணு."

வாலட்டைத் திறந்து ஓசூரை அழித்தேன். வாலட்டில் இருந்த பொதுக் கணினிப் பட்டியலில் சென்னைக்காரர் யாரோ ஒருவரின் கணினி இருந்தது, அதைப் போட்டேன். எதையும் அனுப்பவில்லை. சும்மா இணைத்து வைத்தேன்.

அண்ணன் வைஃபை ஆளைப் போனில் கூப்பிட்டு இன்றைக்கு எந்த ஊர் என்று கேட்டார். இரண்டு மணிக்கு டிரைவரிடம், "டீசல் போட்டுட்டு வாப்பா. சென்னை போகோணும்."

புரட்டாசியில் குழந்தை. ஆணா பெண்ணா என்று எனக்கு யார் சொல்லுவார்கள்?