செம்மண் ஒட்டிய ஷூ

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியது: கொத்தமல்லி, ஊதுவத்தி, இவருக்குச் சளி மாத்திரை.

இவர் திரும்பும்போது மணி பத்தரை. கேட்டால் கோச்சிங் முடிய நேரமாகிவிட்டதாம். பழைய ஃபுட்பால் ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்களே, அங்கே பிள்ளைகளுக்குக் கோச். திறந்ததிலிருந்து ஒரு ஞாயிறு தவறுவதில்லை. பூசைக்குக் கூப்பிட்டால் மட்டும் இடுப்பு வலி.

ஷூவைக் கழுவினேன். அடியெல்லாம் செம்மண், தேய்த்துத் தேய்த்து விரல் எரிகிறது. அவ்வளவு பெரிதாகக் கட்டினார்களாம், புல் முளைக்க வைக்கத் துப்பில்லை.

ஜூலை 7, திங்கள்

ஃபர்ஸ்ட் ஷிப்ட். கம்பெனி லைனில் பக்கத்து சீட் சாந்தி. அவள் மகள் அந்த ஸ்டேடியத்தில்தான் ஆடுகிறாள். செம்மண் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

“அங்க ஏதுக்கா மண்ணு? எல்லாம் பிளாஸ்டிக் புல்லு. எம்பொண்ணு சாக்ஸ உதறினா, புல்லுக்கு நடுவுல கொட்டி வச்சிருக்கிற கருப்பு ரப்பர் மணிதான் கொட்டும். கூட்டி மாளல.” அப்புறம், “அண்ணன நான் அங்க பாத்ததே இல்லியே” என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டாள்.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் கேட்டேன், பிளாஸ்டிக் புல்லில் மண் எங்கிருந்து வருகிறது என்று. “ஓரத்துல மண்ணுதான்.” கண் டிவியில். ஓடியது சோப்பு விளம்பரம். அதை யார் அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள்?

ஜூலை 10, வியாழன்

குளிர் காற்று. தலைவலி.

இவர் போனோடு மொட்டை மாடிக்குப் போனார். துணி எடுக்கிற சாக்கில் நானும் படியேறினேன். “ஞாயித்துக்கிழம வந்துர்றேன். இல்ல இல்ல, அவளுக்குத் தெரியாது.”

அப்படியே இறங்கி வந்துவிட்டேன். துணி மேலேயே.

போன் இப்போதெல்லாம் கவிழ்த்துத்தான் கிடக்கிறது. சனிக்கிழமை ஷேவிங். மீசைக்கு மை. ஐம்பத்திரண்டு வயதில் இந்த மனுஷனை யார் சீந்தப் போகிறார்கள்? சொல்ல முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மாதா மன்னிக்கட்டும்.

இவர் கிளம்பியதும் மத்திகிரி ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன். “எல்லி அம்மா?” என்றார் டிரைவர். எங்கே என்று எனக்கே தெரியவில்லை. முதலில் ஸ்டேடியம் என்றேன்.

நீல நாற்காலி, கண்ணாடி வைத்த ஆபீஸ், சுற்றிலும் கம்பி வலை. ஒரு பொட்டு மண் இல்லை, ஓரத்தில்கூட. கேட்டில் செக்யூரிட்டியிடம் இவர் பேரைச் சொல்லிக் கேட்டேன்.

“ஆரோக்கியமுங்களா? தொறந்த புதுசுல கோச் வேல கேட்டு வந்தாருங்க. சர்டிபிகேட் கேட்டாங்க. இல்லன்னாரு. அதோட சரிங்கம்மா. அந்தப் பழைய டீம்காரங்க தேன்கனிக்கோட்டை ரோட்டு லேஅவுட்ல ஆடறாங்கன்னு கேள்வி.”

பழைய கிரவுண்டில் இருபது வருஷம் லெஃப்ட் விங் ஆடியவர். அதை இடித்த அன்று லீவு போட்டுவிட்டு ஜேசிபியைப் பார்த்துக்கொண்டு நின்றவர். அவரிடம் சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள்.

லேஅவுட்டில் ஒரு வீடுகூட இன்னும் எழும்பவில்லை. வெறும் செம்மண், மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கல். இரண்டு கல்தான் கோல். நடுவில் தொப்பையோடு பாஷா பாய், அந்தக் காலத்துக் கோல்கீப்பர். இன்னும் நாலு நரைத்த தலை. பொம்பளை ஒருத்தியும் இல்லை. இவர் வழுக்கி விழுந்தார். உட்கார்ந்தபடியே சிரித்தார். வீட்டில் இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். முதலில் நிம்மதி, பாதி வழியில் கோபம். என்னிடம் சொல்ல என்ன கேடு?

ஜூலை 14, திங்கள்

தூக்கமில்லை. யோசித்துப் பார்த்தேன். “கோச் வேல கேட்டிருக்கேன்” என்றுதான் அன்று சொன்னார். கிடைத்தே விட்டது என்று கோயில் முழுக்க லட்டு கொடுத்தது நான். நாத்தனாருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டதும் நான். அப்புறம் எப்படி வாய் திறப்பார்?

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

இவர் வந்ததும் வராததுமாக, “ஷூவப் பாத்து எடு, ஒரே ரப்பர் மணி” என்றார். நான் கேட்கவே இல்லை.

எடுத்தேன். ஆமாம், கருப்பு மணி. அடியில் ஈரச் செம்மண், அதன்மேல் அப்பியிருந்தது. பலகாரத்தில் எள் தூவின மாதிரி.

காய்கறி எடுக்கப் போனபோது இவர் வண்டிப் பையில் ஒரு பால் கவர், வாய் மடித்து. உள்ளே மிச்ச மணி. ஸ்டேடியத்தில் எந்தக் கேட்டோரம் குனிந்து அள்ளினாரோ. அங்கேயே நின்று அழுதேன். பிறகு கவரை மடித்தது மடித்தபடி வைத்துவிட்டு உள்ளே வந்து கத்தினேன்: “வாசல்லயே உதறிட்டு வரக் கூடாதா? வீடெல்லாம் கருப்பு மணி. அந்த ஸ்டேடியத்தால எனக்கு இதே ரோதனை.”

“அடுத்த வாரம் உதறிடறேன், விடு” என்றார். இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.