வெளிச்சத்துக்குப் பின்னால் அப்பாவின் முகம்

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம், ஷார்ஜாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன். இந்தத் தையில் பனி ஊரையே விழுங்கிவிட்டது, விடியற்காலையில் எதிர் வீட்டுப் பாப்பாயி கோலம் போடுவது தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் வருகிறது. மேகத்துக்குள் குடித்தனம் நடத்துவது போல இருக்கிறது, போ.

சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் கண்ணில் அப்பா படவேண்டும் என்று லீவில் வந்தபோது அவர் பைக்கில் இரண்டு வெள்ளை லைட் மாட்டிவிட்டாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்புள்ள மாட்டுன லைட்டு, அரியலூர் வரைக்கும் அடிக்குது" என்று பால் சொசைட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தார், எதிரே வண்டி வந்தாலும் அதை அணைக்கவும் மாட்டார், டிம் அடிக்கவும் மாட்டார். போன வெள்ளிக்கிழமை விடியலில் அவர் பால் கொண்டு போகும்போது, நம் தெருச் செல்லப்பன் தன் மகள் லாவண்யாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு செட்டிகுளம் கோயிலுக்குப் போக எதிரே வந்திருக்கிறார். அவள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டு ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்களே, அப்பாவின் வெளிச்சம் முகத்தில் அடித்ததும் செல்லப்பனுக்குக் கல்லும் தெரியவில்லை சோளமும் தெரியவில்லை, இரண்டு பேரும் வண்டியோடு சரிந்துவிட்டார்கள். பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. செல்லப்பன் சண்டைக்கு வரவில்லை. "ரோடே காணாமப் போயிடுச்சுங்க மாமா" என்றார், அவ்வளவுதான். அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை.

மறுநாள் லைட்டைக் கழற்றி எறிகிறேன் என்று ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, இருட்டுல போயி லாரிக்கடியில விழவா போறீங்க என்று கத்தினேன். பொழுது சாய்ந்ததும் களத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி நானே எதிரில் போய் நின்றேன். கல்யாணத்தில்கூட நாங்கள் இப்படி எதிரெதிரே நின்றதில்லை. கண்ணுக்குள் ஒரே வெள்ளை, நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. "இன்னும் எறக்குங்க, இன்னும் எறக்குங்க" என்றேன். அவர் திருகத் திருக வெளிச்சம் என் நெஞ்சுக்கு இறங்கி, முழங்காலுக்கு இறங்கி, காலடி மண்ணில் கோலம் போல விரிந்து நின்றது. அப்போதுதான் அதற்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். பின்னால் வரும் லாரிக்குத் தெரிய பால் கேனில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், எதிரே ஆள் வந்தால் நீ மாட்டிய இரண்டு லைட்டையும் அணைத்து, வண்டியின் சொந்த லைட்டை இப்போது டிம் அடிக்கிறார்.

நீயும் அங்கே இரவு பகல் பார்க்காமல் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாய். உன்னைப் பார்க்காமல் யாராவது வந்து மோதிவிடுவார்களோ என்றுதான் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. உன் வெளிச்சத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் விழக்கூடாது. அறையில் கூட இருப்பவர் யாரையாவது வண்டிக்கு எதிரே நிற்கச் சொல்லி லைட்டை இறக்கிப் பார். நான் வந்து நிற்க முடியாத தூரத்தில் இருக்கிறாய்.

முருகன் உன் கூடவே வரட்டும், நூறு வயது நன்றாக இரு. ஹெல்மெட் வாரை மறக்காமல் மாட்டு. எதிரே நிற்பவர் கண் கூசாமல் உன் முகத்தைப் பார்க்க முடிந்தால், அங்கிருந்தே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். நானும் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜானகி