குளிர்பெட்டியில் வைத்த ரத்தம்

வீட்டுக்காரர் அவர்களுக்கு வணக்கத்துடன் எழுதுவது. பெரிய பேத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு, நடுவுள்ளவள் ஓட்டத்தில் முதல் பரிசு, பேரன் கையைப் பிடிக்காமல் நடக்கிறான் என்று நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் நலம்.

நீங்கள் கவலைப்படுவீர்கள் என்றுதான் இதை எழுதாமல் இருந்தேன். நோயாளிகளின் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை நான் லேபுக்குக் குலுக்கிக் கொண்டுபோவதால்தான் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டுகிறது என்று எல்லார் முன்னாலும் லேப்காரர் பழி போட்டார். என்னைத் துணி துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

போன வாரம், கட்டில் பக்கத்திலேயே ரத்தம் பார்க்கும் கைக்கருவி சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். ஒரே ரத்தம், கருவியிலும் லேபிலும். காலையில் இரண்டும் ஒத்துப்போனது. மதியம் லேபில் மட்டும் பொட்டாசியம் எகிறியது. வார்டு டாக்டரம்மா லேபுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தால், லேப்காரர் குழாய்களைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்! குளிரில் கிடந்தால் பொட்டாசியம் ஏறுமாம்.

"விட்டுடுங்க பாட்டி, தெரியாம நடந்துபோச்சு" என்றார் லேப்காரர் என்னிடம்.

"எல்லார் முன்னாடியும்தானே திட்டினீங்க தம்பி? அதே மாதிரி, தப்பு உங்களுதுன்னு சொல்லுங்க."

வார்டு நடுவில் நின்று சொன்னார்.

"கடைசிக் கட்டில் தாத்தாவுக்குக் காது மந்தம். இன்னொரு தரம், சத்தமா."

பாவம் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வார்டுக்கே திரும்பிவிட்டேன். ஆனால் அந்தத் துணி துவைக்கும் அறையின் ஆவியில், நான் இடுப்பில் செருகி வைத்திருந்த பேரப்பிள்ளைகள் போட்டோ ஊறி, ஒரு முகமும் தெரியவில்லை. இதற்கு மட்டும் அவரை மன்னிக்கவே மாட்டேன். வேலைக்கு மணி அடித்துவிட்டது, போகிறேன். பிள்ளைகளோடு நீங்களும் நடுவில் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்து, உடனே தபாலில் அனுப்புங்கள்.